ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்...

சேர்வராயன் மலையில், 5,326 அடி உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். குகைக்கோயில் என்பதால் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயரும் காவேரி அம்மனும் அங்கே அருள்பாலிக்கிறார்கள். அந்தக் குகைக்குள்ளிருந்து காவிரி வரைக்கும் வழி போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை.

தரிசனம் முடிந்து, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி. கோயில்களைப் பற்றி எழுதுகிறவள் நான் என்று தெரிந்ததும் அவர் கேட்டது இதுதான்: ‘‘ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைச்சுப் பூசுவாங்களே... அது எப்படின்னு சொல்லுங்களேன்!’’

மாசாணியம்மனுக்கு யாரும் சும்மா மிளகாய் அரைப்பதில்லை. ஏதோ ஓர் அநியாயம் நடந்திருக்க வேண்டும். ‘‘யாருக்காக அக்கா?’’ என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி. பன்னிரண்டு வருடப் பழக்கம். ‘‘ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவங்க நாங்க. அவ கணக்குல பண்ணின தப்பை என் தலையில கட்டிட்டு, எனக்கு வரவேண்டிய பதவியை வாங்கிட்டா. அன்னியிலேர்ந்து சோறு இறங்கலைங்க!’’

சோறு இறங்கவில்லை என்றதும் எனக்கு உடையவர் ஞாபகம்தான் வந்தது.

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், ஸ்ரீரங்கம் கோயில் நிர்வாகத்தை ஏற்றுச் சீர்திருத்தினார். யாருக்கு என்ன வேலை என்று ஒழுங்கு வகுத்தார். வசதியாக இருந்தவர்களுக்குச் சங்கடம். (நிர்வாகம் என்று வந்துவிட்டால் அரங்கன் சந்நிதியிலும் இதெல்லாம் உண்டு!) தினமும் ஏழு வீடுகளில் பிட்சை ஏற்பது அவர் வழக்கம். அதில் ஒரு வீட்டுக்காரர், மனைவியிடம் விஷம் கலந்த அன்னத்தைக் கொடுத்தனுப்பினார். கணவன் சொல்லைத் தட்ட முடியவில்லை. மகானைக் கொல்லவும் மனம் வரவில்லை. அன்னத்தை இட்டவள், கண்ணீருடன் அவர் காலில் விழுந்தாள். ராமானுஜர் புரிந்துகொண்டார்.

புகார் சொன்னாரா? இல்லை. தன்னால் அல்லவா அவர்களுக்கு இப்படியொரு எண்ணம் வந்தது என்று வருந்தி உபவாசம் இருந்தார் என்பார்கள் பெரியவர்கள்.

சேதி கேட்டு, தள்ளாத வயதில் ஓடி வந்தார் ஆசார்யர் திருக்கோஷ்டியூர் நம்பி. காவிரி மணலில் உச்சி வெயில். ராமானுஜர் விழுந்து சேவிக்கிறார். நம்பியோ ‘எழுந்திரு’ என்று சொல்லவில்லை. சீடர் கிடாம்பி ஆச்சான் பதறிப்போய், குருவை வாரி எடுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். நம்பி தேடியது இந்த ஒருவரைத்தான். ‘இவர் திருமேனியில் இவ்வளவு பரிவுள்ள நீரே இனி இவருக்குத் தளிகை செய்யும்’ என்று நியமித்தார்.

கவனித்தீர்களா? உடையவர் யாரையும் சபிக்கவில்லை. சீர்திருத்தத்தைக் கைவிடவும் இல்லை. ஆனால், மறுபடி ஏழு வீட்டுச் சோற்றுக்கு அவரை அனுப்பவில்லை ஆசார்யர்! மன்னிப்பது வேறு, அதே கையால் வாங்கிச் சாப்பிடுவது வேறு. நம்மில் பலர் இரண்டும் ஒன்றென்று நினைத்து, மன்னிக்கவே பயப்படுகிறோம்.

அந்தச் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘‘அழுதாளே, அந்தம்மா... எங்க ஆபீஸ்லயும் ஒருத்தி இருக்கா. டீ கொண்டு வர்ற பொண்ணு. ‘அக்கா, அந்த ஃபைலை ஒருதடவை பார்த்துடுங்க’ன்னு முன்னாடியே சொன்னா. என் சிநேகிதியைப் பத்தியா பேசறேன்னு நான்தான் திட்டி அனுப்பிட்டேன்’’ என்றார்.

பஸ் வந்தது. மிளகாய் அரைக்கும் விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதோ நான்காவதோ திரும்பும்போது, செல்போனை எடுத்தார்.

‘‘ஏம்மா... நான்தான் பேசறேன். சாப்பிட்டியா?’’