வாதாடி ஜெயிப்பதா, வாழ்ந்து காட்டுவதா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் வாலிபன் ஒருவன் என்னிடம் வந்தான். "சாமி, டீக்கடையில் என் கூட்டாளி கடவுள் இல்லைன்னு சொன்னான். ஒரு மணி நேரம் வாதாடினேன், சண்டையில்தான் முடிஞ்சது. இனி இந்தப் பேச்சே வேண்டாமா?" என்று கேட்டான். இது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

முதலாவது, கேள்விக்கு அஞ்ச வேண்டாம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், சர்வேசுரன் உண்டென்பதற்கு ஐந்து வழிகளைச் சொல்லுமுன், இல்லையென்பாருடைய நியாயங்களையே எடுத்து எழுதினார். உலகில் தீமை இருக்கிறதே என்பது அவற்றுள் முதலாவது. சிருஷ்டிகளைக் கொண்டு சிருஷ்டிகரை மனித புத்தி அறியக்கூடும் என்று 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி சுவாமியும் தமிழும் சமஸ்கிருதமும் கற்று, நியாயம் எடுத்துரைத்தே வேதம் போதித்தார். ஆகையால் வாதம் வீணல்ல.

ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. 1948-ல் பி.பி.சி. வானொலியில் சேசுசபைக் குரு கோப்பிள்ஸ்டனும் தத்துவ அறிஞர் ரஸ்ஸலும் இதைப் பற்றியே வாதித்தார்கள். இருவரும் பெரும் மேதைகள். அப்படியிருந்தும் ஒருவர் மற்றவரை இணங்க வைக்க முடியவில்லை.

நம் நாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. 1973-ல் காலமாகும் வரை கடவுள் மறுப்பைப் பிரசாரம் செய்தார். அவர் முடிவை நாம் ஏற்பதில்லை. ஆனால் 1924-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்ந்த சாதியாரென்று ஒதுக்கப்பட்டோர் நடக்கக்கூடாதென்ற தடையை எதிர்த்துச் சிறை சென்றவர் அவர் என்பதை மறக்கலாமா? கடவுள் பெயரால் மனிதனை ஒதுக்கலாமா என்ற கேள்விக்குத் தர்க்க நூலில் மட்டும் பதில் தேடினால் போதாது. விசுவாசிகளின் வாழ்க்கைக் குறைகளும் நாஸ்திகம் பிறக்கக் காரணமாகலாம் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஒப்புக்கொண்டது.

அந்த வாலிபனிடம், "கடைசியாக உன் கூட்டாளி என்ன சொன்னான்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எல்லாருக்கும் ஒரே தகப்பன்னு சொல்றீங்களே, வேதக்காரங்க ஏன் எங்க வீட்டில் கை நனைக்க மாட்டேங்கிறாங்கன்னு கேட்டான், சாமி."

பிரியமானவர்களே, எனக்கும் பதில் வரவில்லை. குருமடத்தில் படித்த நியாயங்கள் யாவும் நினைவில் இருந்தும் வாயடைத்து நின்றேன்.

1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் நம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. அணையில் தண்ணீர் உண்டா என்று வரப்பில் நின்று வாதாடுகிறவனுக்கு நனைந்த வயலே பதில். நம் வயல் காய்ந்து கிடந்தால் எவன் நம்புவான்?

நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் அர்ச். இராயப்பர், நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி தமது நிருபத்தில் புத்தி சொல்கிறார். ஆகவே ஞானோபதேசத்தை நன்றாய்க் கற்றுக்கொள்ளுங்கள். கேட்பவனுக்குப் பதில் சொல்லுங்கள், சத்தம் போடாதீர்கள்.

அந்த வாலிபனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, இந்த வாரம் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு சாப்பிடு. பிறகு பேசு." உங்களுக்கும் அதையே சொல்கிறேன், எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு,
இராயப்பன்பட்டி