கேரியரைப் பிடித்த கை

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பாடம் நடத்த வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள், டவுனுக்கு பஸ் ஏறிப் படித்துவந்த பையன்கள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தவர்களோ அவர்களுடைய அத்தைகளும் பெரியம்மாக்களும்தான். "டேய், அந்த மாட்டைப் பிடிச்சுக் கட்டுடா" என்று காலையில் ஏவியவருக்கு, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அந்தப் பையன் எழுத்துச் சொல்லித்தர வேண்டும்.

களை பறித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் பிடிக்காவிட்டாலும் மணியடிக்கும்வரை உட்கார்ந்தாக வேண்டும். இவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சலிப்புத் தட்டினால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துபோய்விடுவார்கள். சம்பளமில்லாத அந்தத் தொண்டருக்குக் கேட்பவரை மதிக்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

கையில் கொடுத்த பாடநூலும் லேசுப்பட்டதல்ல. 'அ, ஆ' என்று தொடங்காமல் 'பட்டா', 'படி' என்றுதான் தொடங்கியது. காணி நிலம் இல்லாத கூலிக்காரத் தெருவில் போய்ப் பட்டா என்று கரும்பலகையில் எழுதினால், "எங்களுக்கு எங்கே தம்பி பட்டா? அதை வாங்க யார்கிட்டே மனுக் கொடுக்கணும்?" என்று கேட்காமல் இருப்பார்களா? பதினெட்டு வயதுக்காரனிடம் அதற்குப் பதில் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டுதான் மறுநாள் வகுப்புக்கு வர வேண்டும். அவன் படிப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

பிறகு சைக்கிள் வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், முதலில் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்றுதான் யோசித்தார். அது மாவட்டத்தையே பற்றிக்கொண்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், செவிலியர்கள், ஆசிரியைகள் என்று சுமார் பதினெட்டு மாதங்களில் கிராமத்துப் பெண்களில் கால்வாசிப் பேருக்குமேல் ஓட்டக் கற்றிருப்பார்கள் என்று நேரில் வந்து பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தக் குறுக்குக் கம்பி பிள்ளையை உட்காரவைக்க வசதியாகவும் போயிற்று.

சைக்கிள் பழக்கியவர்களுக்குத் தெரியும். கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓட வேண்டும். "விட்றாதே, விட்றாதே" என்று முன்னால் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சைக் கேட்காமல், சரியான இடம் பார்த்துக் கையை எடுத்துவிட வேண்டும். முன்னமே எடுத்தால் முழங்கால் சிராய்க்கும். எடுக்கவே இல்லையென்றால் அந்த அம்மா ஒருநாளும் ஓட்டப்போவதில்லை.

இன்று பள்ளிகளில் நாம் நடத்தும் சேவையில் பெரும்பகுதி, கையை எடுக்கவே மனமில்லாத சேவை. முதியோர் இல்லத்துக்கு வேன் போகிறது. பிஸ்கட் பாக்கெட்டும் போர்வையும் கொடுக்கிறோம். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுகிறோம். கொடுத்த பிள்ளைக்கு மனம் நிறைகிறது, மறுப்பதற்கில்லை. வாங்கிய பெரியவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாரா? போர்வை வேண்டாம், மகனுக்கு ஒரு போன் போட்டுக்கொடு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல இடம் வைத்தோமா?

கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் தெரிந்தது. இதே மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. வெளியூரிலிருந்து நல்ல மனதோடு நிவாரணப் பொருள்கள் வந்தன. ஆனால் விழுந்த மரத்தை அறுத்து வழிவிட ஆளும் மெஷினும் வேண்டும் என்பதும், எந்தச் சந்தில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறாள் என்பதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தானே தெரியும்?

அறிவொளியைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டையின் எழுத்தறிவு 77 சதவீதம்தான். விழாவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் அந்த இயக்கம் சொல்லித்தந்தவரையும் மாற்றியது. உதவி பெறுபவர் எதிர்க்கேள்வி கேட்கும்போதுதான் சேவை படிப்பாகிறது; அந்தக் கேள்விக்கு வழியில்லாத இடத்தில் அது தானமாக நின்றுவிடுகிறது. தானம் தப்பில்லை, ஆனால் அதற்கு மாணவன் தேவையில்லை. பணமுள்ள யாரும் செய்துவிடலாம்.

மாணவர்களுக்கென்று 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இதை யோசிக்காமல் இல்லை. ஏழு நாள் முகாம் மட்டுமே அதன் வேலை அல்ல. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போவது எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் முகாமும் அதன் நிறைவு விழாவும்தான் ஊருக்குத் தெரிகின்றன.

ஆகவே, அடுத்த முகாமுக்கு ஊர் தேடும் தலைமையாசிரியர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்வெட்டியையும் பேனரையும் அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்னால் நாலைந்து பிள்ளைகளை நோட்டோடு அனுப்புங்கள். என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களே சொல்லட்டும். முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி அனுப்புங்கள். நட்ட கன்று பிழைத்ததா, போட்ட மனு என்ன ஆனது என்று பார்த்து வரட்டும். இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம், டவுன் பஸ் டிக்கெட் போதும்.