தனக்குத் தந்த வாக்கு

இளவேனில் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே தமிழர் உள்ளத்தில் தோன்றுவன தென்றலும், தளிரும், குயிலின் குரலுமேயாம். சித்திரை, வைகாசி என்னும் இரு திங்களுக்கும் அப்பெயரிட்ட நம் முன்னோர், அதனை இனிமையின் பருவமாகவே கண்டனர். ஆனால், நிலநடுக்கோட்டிற்கு நெடுந்தொலைவு வடக்கே வாழ்வோர்க்கு அப்பருவம் அத்துணை இனியதன்று. அமெரிக்க நாட்டின் வடபால், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்துள்ள மின்னியாபொலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கின்படி வேனில் பிறந்து மூன்று வாரங்கள் கழிந்த பின்னரும் அங்கே வெண்பனி பொழிவதுண்டு. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் நடுவில் வீசிய பனிப்புயல், அந்நகரில் ஓரடிக்கு மேற்பட்ட பனியைக் குவித்துச் சென்றது.

அத்தகைய ஊரிலேதான் 2010ஆம் ஆண்டில் ஒரு புதுமையான நோன்பு தோன்றியது. ஏப்ரல் மாதத்தின் முப்பது நாளும், ஒரு நாளேனும் தவறாமல், சைக்கிள் ஏறுவது என்பதே அந்நோன்பு. இத்தனை மைல் போகவேண்டும் என்ற அளவில்லை. இன்ன இடத்திற்குப் போகவேண்டும் என்ற விதியுமில்லை. பத்து மைல் போயினும் சரி, தெருமுனை வரையில் போய்த் திரும்பினும் சரி. முந்தினவர், பிந்தினவர் என்ற பாகுபாடில்லை. தவறினவர்க்குத் தண்டமும் இல்லை. 'முப்பது நாள் மிதிவண்டி' என்று பொருள்படும் பெயருடன் தொடங்கிய அவ்வழக்கம், பின்னர்ப் பிற நாட்டினரிடத்தும் பரவியது.

இதனைக் கேட்டு நகைப்போர் இருப்பர். 'வயிற்றுப் பாட்டுக்காகப் போகிறானா? இல்லை. ஊருக்கு உழைக்கப் போகிறானா? அதுவும் இல்லை. வெயில் வந்தபின் போனால் யார் தடுக்கப் போகிறார்கள்?' என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. செயல் சிறிது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், அச்சிறு செயலினுள்ளே பெரியதொரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. பிறர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்கவேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புவர். ஒருவன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வாக்கு அவனைக் கட்டுமா? கட்டுமாயின், எதுவரையில் கட்டும்? இதுவே நாம் ஆராய வேண்டுவது.

கட்டாது என்று கூறியோருள் முதன்மையானவர் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் ஆவார். 1651ஆம் ஆண்டில் வெளிவந்த 'லெவயதன்' என்னும் நூலில், தனக்கு மட்டுமே கட்டுப்பட்டவன் உண்மையில் கட்டுப்பட்டவனே அல்லன் என்பது அவர் கருத்து. கடன் உறவை வைத்து இதனை விளக்கலாம். நான் உங்களிடம் நூறு வெள்ளி கடன் பட்டிருந்தால், 'போகட்டும், தரவேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் பட்டவனும் கொடுத்தவனும் ஒருவனேயாயின், அவன் நினைத்த பொழுதெல்லாம் தன்னை விடுவித்துக்கொள்ளலாம் அன்றோ? நினைத்த பொழுது அவிழும் முடிச்சை முடிச்சு என்று சொல்வதெப்படி? ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட்டும் 1797இல் இம்முரண்பாட்டை எடுத்துக்கொண்டார். புலன்வழி நிற்கும் மனிதன், அறிவின்வழி நிற்கும் மனிதன் என இரு நிலையில் வைத்து ஒருவனையே காணலாம் என்று அதற்கு விடை கூறினார்.

அவ்வளவு நுட்பத்திற்குப் போகாமலே நாம் ஒரு விடை காணலாம். மார்ச்சு மாதத்தில் ஒரு நல்ல மாலைப்பொழுதில் வாக்களித்தவன் ஒருவன். ஏப்ரல் பன்னிரண்டாம் நாள் விடியலில், பனிக்கூழ் தெறிக்கும் தெருவைச் சன்னல்வழியே பார்த்துக்கொண்டு நிற்பவன் மற்றொருவன். பெயரும் உடலும் ஒன்றே, நிலை ஒன்றன்று. முன்னவன் தெளிந்த மனத்தோடு எண்ணினான். பின்னவனோ, போர்வையின் வெப்பத்தில் பங்கு பெற்றவன். அவன் கூறும் காரணங்கள் எல்லாம் அப்போர்வையின் கையில் கூலி வாங்கியவை. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர எவனுக்கும் உரிமை இல்லை என்பது நாம் நீதிமன்றங்களில் ஒப்புக்கொண்ட முறை. அம்முறையை நம் நெஞ்சின் மன்றத்தில் மட்டும் ஏன் கைவிட வேண்டும்? அவிழ்க்கும் உரிமை நமக்கு உண்டு என்பது மெய்யே. ஆனால், எந்த நேரத்து நாம் அதனை அவிழ்ப்பது என்பதிலேதான் எல்லாம் இருக்கின்றது.

இந்நோன்பிற்கு மாரிக்காலத்தை விட்டு வேனிலைத் தேர்ந்தது பொருத்தமே. கடுங்குளிர் காலத்தில் வண்டி ஏறுவோன் ஆயத்தமாகவே ஏறுகின்றான். தடித்த கையுறை உண்டு. ஆணி பதித்த டயர் உண்டு. துன்பம் வரும் என்று மனமும் இசைந்திருக்கும். வேனில் அவ்வாறன்று. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகச் சாலைமேல் படிந்திருக்கும். நீர் உறையுங்கால் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்குமாதலின், சாலையின் வெடிப்புக்களில் புகுந்த நீர் அதனைப் பிளந்து குழிகளாக்கிவிடும். பனியை உருக்கத் தூவிய உப்பு சங்கிலியை அரிக்கும். இவை எல்லாவற்றினும் கொடியது ஏமாற்றமே. நேற்றைய வெயிலைக் கண்டு கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்தவன்மேல் இன்று பனி பொழிகின்றது. துன்பம் வருதலைப் பொறுப்போர் பலர். நீங்கிவிட்டது என்று நம்பிய துன்பம் மீண்டு வருதலைப் பொறுப்போர் சிலரே. நோயினின்று எழுபவனும், கடனை அடைத்துக்கொண்டு வருபவனும், குடியை விட்டவனும் இவ்வேனிலை அறிவர்.

அத்தகைய காலத்தில் வாக்கு என்ன செய்கின்றது? உடலுக்கு வலிமை தருவதில்லை, மழையை நிறுத்துவதுமில்லை. அது செய்வது ஒன்றே: கேள்வியை மாற்றுகின்றது. வாக்கில்லாதவன் காலைதோறும், 'இன்று போகலாமா, வேண்டாமா?' என்று வழக்காடத் தொடங்குகின்றான். அவ்வழக்கில் சோம்பலுக்கு வாய்த்த வக்கீல் மிக வல்லவன். வாக்குள்ளவனுக்கு அவ்வழக்கு முடிந்துபோயிற்று. அவன் கேட்பது, 'எப்படிப் போவது?' என்பதே. மழையங்கியைத் தேடுகின்றான், சக்கரத்தின்மேல் சேறு தடுக்கும் தகட்டைச் சரிசெய்கின்றான், திருப்பங்களில் மெல்லச் செல்ல முடிவு செய்கின்றான். முன்னதில் செலவாகும் அறிவு வீண். பின்னதில் செலவாகும் அறிவு பயனுடையது. தன்னைக் கட்டிக்கொண்டவன் அடிமையாகிவிட்டான் என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வானத்தின் நிறம் மாறுந்தோறும் தன் மனம் மாறுபவனோ விடுதலை பெற்றவன்?

பழக்கத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், 1890ஆம் ஆண்டு வெளிவந்த தம் உளநூலில், புதுப்பழக்கம் வேரூன்றும் வரையில் ஒரு விலக்குக்கும் இடந்தரலாகாது என்று கடுமையாக விதித்தார். ஆனால், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி, அக்கடுமையைச் சிறிது தளர்த்துகின்றது. ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும், இடையில் ஒரு நாள் தவறுவதால் பெருங்கேடு விளைவதில்லை என்றும் அவர்கள் கண்டனர். இதனால் நாம் பெறும் பாடம் இரண்டு. முப்பது நாள் நோன்பு முடிந்ததும் பழக்கம் முற்றிவிட்டது என்று களிப்பது தவறு. பதினோராம் நாள் தவறினவன், 'எல்லாம் போயிற்று' என்று எஞ்சிய பத்தொன்பது நாளையும் எறிந்துவிடுவது அதனினும் பெருந்தவறு. ஒரு நாள் தவறியது இழுக்காயின், அதனைக் காரணமாக்கி மறுநாளும் தவறுவது இரட்டை இழுக்கு.

இனி, எல்லை யாது? இடி மின்னலில் வெட்ட வெளியில் செல்பவனையும், காய்ச்சலால் உடல் கொதிக்கச் செல்பவனையும், நோயுற்ற குழந்தையைத் தனியே விட்டுச் செல்பவனையும் உறுதியுடையான் என்று போற்றுவோமா? போற்றோம், மூர்க்கன் என்போம். எனவே, வாக்கை மீறத் தகுந்த காலமும் உண்டு. அதனை அறிவதற்கு ஓர் உரைகல் வேண்டும். நாம் கூறுவது இது: வாக்களித்த அந்நல்ல நாளில் ஒருவர் இக்காரணத்தை நம்முன் வைத்திருந்தால், அன்றே இதனை விலக்காக ஏற்றிருப்போமா? சாலையெங்கும் பனிக்கட்டி உறைந்து கிடத்தல், மின்னல், நோய், வீட்டார்க்கு நேர்ந்த இடர் ஆகியவற்றை அன்றே ஏற்றிருப்போம். ஆடை நனையும், கை விறைக்கும், மனம் இல்லை என்பனவற்றை ஏற்றிருக்கமாட்டோம். ஏனெனில், அவற்றை எதிர்பார்த்தே வாக்களித்தோம். மழை வரும் என்று தெரிந்து செய்த வாக்கை மழையைக் காட்டி உடைப்பது, பசிக்கும் என்று தெரிந்து ஏற்ற உண்ணாநோன்பைப் பசியைக் காட்டி முறிப்பதையே ஒக்கும்.

தெருமுனை வரையில் மட்டும் போய்த் திரும்புவது ஏமாற்று என்று கூறுவதும் பொருந்தாது. வாக்கில் தூரம் சொல்லப்படவில்லை. கொடிய நாளில் நூறு கஜம் போனவன், சொன்னதைச் செய்தவனே. சிறிதாகச் செய்ய நாணிச் செய்யாமலே விடுவது செருக்கின் செயல்.

செருக்கைப் பற்றிச் சொல்லுங்கால், நம் நாட்டோடு இவ்வண்டிக்கு உள்ள தொடர்பையும் நினைக்க வேண்டும். 1888இல் ஜான் டன்லப் என்பார் பெல்பாஸ்ட் நகரில், காற்றடைத்த ரப்பர் டயரைத் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காக ஆக்கினார். அதன்பின் சைக்கிளும், அதனைத் தொடர்ந்து மோட்டாரும் உலகெங்கும் ரப்பரை வேண்டி நின்றன. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. தமிழர் கப்பலேறி வந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து பால்மரம் வெட்டச் சென்ற அத்தொழிலாளர்க்கு மழை என்பது உறுதியைச் சோதிக்கும் விளையாட்டாக இருக்கவில்லை. பட்டை நனைந்தால் பால் மங்கில் விழாது வழிந்தோடும். வெட்டு நின்றால் நாட்கூலியும் நிற்கும். இன்றும், கொட்டும் மழையில் இரு சக்கரத்தின்மேல் பிறர் உணவைச் சுமந்து செல்லும் இளைஞர்கள் எந்த நோன்பும் ஏற்றவர்களல்லர். விரும்பி நனைபவனுக்கு உலர்ந்த அறை காத்திருக்கின்றது. விரும்பாமல் நனைபவனுக்கு அடுத்த வேலை காத்திருக்கின்றது. இவ்வேற்றுமையை மறந்து, 'பனியில் சென்றேன்' என்று மார்தட்டுவானாயின் அவன் நோன்பால் பெற்றது ஒன்றுமில்லை. தான் பட்ட குளிரால் பிறர் படும் குளிரை உணர்ந்து, அவர்க்குச் சாலையில் வழிவிடவும், கூலியில் நியாயம் கேட்கவும் முற்படுவானாயின் அவன் பெற்றது பெரிது.

தனி மனிதனின் உறுதி ஒன்றே போதும் என்றும் எண்ணலாகாது. மின்னியாபொலிஸ் நகரத்தார் பழைய இருப்புப்பாதைப் பள்ளம் ஒன்றை 2000ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தரை மைல் நீளச் சைக்கிள் பாதையாக மாற்றினர். பாதையும் அதன் பனியை அகற்றும் ஏற்பாடும் உள்ள இடத்தில், வலியவரேயன்றி எளியவரும் தம் வாக்கைக் காக்க முடிகின்றது. நல்லொழுக்கத்தை மக்களிடம் எதிர்பார்க்கும் ஊர், அதற்குரிய வழியையும் சமைத்துத் தருதல் வேண்டும்.

நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெண்பனி இல்லை. வடகிழக்குப் பருவமழையும் மாலைநேர இடிமழையும் உண்டு. அவரவர்க்கு அவரவர் ஏப்ரல் உண்டு. அன்பர்களே, பெரிய விரதங்களை நாம் பரிந்துரைக்கவில்லை. செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது சைக்கிளாகவும் இருக்கலாம், இரவில் பத்துப் பக்கம் படிப்பதாகவும் இருக்கலாம். நாளை எண்ணிக் குறியுங்கள். மனம் தெளிந்திருக்கும் பொழுதே விலக்குகளையும் தாளில் எழுதி வையுங்கள். பின்னர், மழை பெய்யும் காலையில் மனத்தைக் கேளாதீர்கள். அத்தாளை எடுத்துப் பாருங்கள். அதில் அன்றைய காரணம் எழுதியிருந்தால் நாணமின்றி வீட்டில் இருங்கள். எழுதியிராவிட்டால் புறப்படுங்கள்.