பழுதும் பூச்சும்

பழைய பொருளொன்றைப் பழுது பார்த்துப் புதுப்பிப்பது நல்ல காரியம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் புதுப்பித்தல் என்ற ஒரே சொல்லுக்குள்ளே இரண்டு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. பொருளை நல்லதாக்குவது ஒன்று. பொருளை நல்லதுபோலத் தோன்றச் செய்வது மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டின் முடிவும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவது உழைப்பு, இரண்டாவது களவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை எங்கே இருக்கிறது? பழுது பார்ப்பவன், தனக்குப் பின் அப்பொருளைக் கையாளப் போகிறவனுக்கு எதைக் கடமைப்பட்டிருக்கிறான்? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி.

வெறும் சொற்களைக் கொண்டு இதனை ஆராய்வதிலும் பார்க்க, ஓர் உண்மையான பொருளை முன்னே வைத்து ஆராய்வது நல்லது. அமெரிக்காவிலே பலர் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கின்ற ஒரு பழைய வெல்டிங் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

மின்சாரக் கம்பி எட்டாத வெளியிலே இரும்பை உருக்கி ஒட்ட வேண்டுமானால், வெல்டிங் தொழிலாளி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்க வேண்டும். எஞ்சினால் ஓடும் வெல்டிங் இயந்திரம் அதற்காக ஏற்பட்டது. ஒரு பாதி எஞ்சின்; மறு பாதி, அந்த எஞ்சினின் சுழற்சியால் ஓடும் மின்பிறப்பாக்கி. 1895ஆம் ஆண்டில் ஜோன் லிங்கன் என்பவர் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் தொடங்கிய லிங்கன் இலெக்றிக் கம்பனி, எஸ்.ஏ. 200 என்ற பெயரில் இத்தகைய இயந்திரமொன்றைப் பல பதின்ம ஆண்டுகளாகச் செய்து விற்றது. பெயரிலுள்ள 200 என்பது அது தரும் 200 அம்பியர் மின்னோட்டத்தைக் குறிக்கும். கொன்ரினென்ரல் கம்பனியின் நான்கு சிலிந்தர் பெற்றோல் எஞ்சின் நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டது. எண்ணெய்க் குழாய்களையும் எரிவாயுக் குழாய்களையும் நாடு முழுவதும் ஒட்டிச் சென்ற தொழிலாளர்கள், இதனைத் தங்கள் சொந்த லொறியிலே ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அதன் சுவாலை தளம்பாமல் எரியும் என்று அத்தொழிலாளர் இன்றும் அதைப் புகழ்வர். ஆகையால் பண்ணைக் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடப்பவற்றைக்கூட வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். சிலர் வேலைக்காகவும், சிலர் காட்சிக்காகவும், சிலர் விற்பதற்காகவும் அதைச் செய்கிறார்கள்.

அதைச் சரியாகப் புதுப்பிப்பதென்றால் எவ்வளவு வேலை என்று பார்ப்போம். குளிர்நாட்டிலே எஞ்சினுக்குள் விட்ட தண்ணீர் உறைந்து பருத்து, வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்திருக்கலாம்; அவ்வெடிப்பு மயிரிழைபோல இருக்கும். மின்பிறப்பாக்கியின் கம்பிச் சுருள்களில் ஈரம் ஊறியிருக்கும். அவற்றை மெல்லிய சூட்டிலே பொறுமையாக உலர்த்தி, மின்சாரம் கசிகிறதா என்று அளந்து பார்த்த பின்னரே ஓடவிட வேண்டும். கரித்துண்டுகள் உராயும் கொமியூற்றேற்றர் என்ற செப்பு உருளை தேய்ந்து வரிவரியாகக் கிடக்கும். அதைக் கடைசல் பிடித்து, செப்புத் துண்டுகளுக்கிடையே உள்ள மைக்காவை ஒவ்வொன்றாகச் செப்பின் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். நெடுநாள் ஓடாதபடியால் இரும்பிலே எஞ்சியிருக்க வேண்டிய காந்தசக்தியும் போயிருக்கலாம். பற்றரியிலிருந்து சிறிது மின்சாரம் செலுத்தி அதை மீண்டும் எழுப்ப வேண்டும். பழைய வயர்களின் உறை தொட்டவுடன் உதிரும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பெற்றோல் தாங்கியின் அடியிலே துரு தின்ற ஓட்டைகள் இருக்கும். இவையெல்லாம் முடிந்த பிறகு, கடைசி வேலையாகவே பெயின்ற் வருகிறது.

அந்தக் கடைசி வேலையை மாத்திரம் முதல் வேலையாகச் செய்துவிட்டால் எப்படியிருக்கும்? துருவைச் சுரண்டி, தாங்கியின் ஓட்டைக்குப் பட்டி வைத்து, மேலே பளபளப்பான வர்ணத்தை அடித்து, கம்பனியின் பெயர் பொறித்த புதிய தகட்டையும் ஒட்டினால் இரண்டொரு நாளில் வேலை முடிந்தது. ஆறு மாதம் பாடுபட்டுப் புதுப்பித்த இயந்திரமும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், படத்தைப் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது. வேறுபாடு தெரியவரும் நாளில், உதிர்ந்த வயரைப் பிடித்தவனோ, பெற்றோல் ஒழுகும் தாங்கிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்க நின்று வேலை செய்தவனோ அதற்கு விலை கொடுப்பான்.

விற்பவனுடைய கடமை யாது என்பதைப் புனித தோமஸ் அக்குவீனாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அவருடைய இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பிரிவிலே 77ஆம் வினா, வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்தைப் பற்றியது. ஒரு பொருளிலே வாங்குபவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ உண்டாக்கக்கூடிய மறைந்த குறை இருந்தால், விற்பவன் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. நொண்டிக் குதிரையை வேகமாய் ஓடும் குதிரையென்று விற்பதையும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்று விற்பதையும் அவர் உதாரணம் காட்டுகிறார். ஆனால் குறை வெளிப்படையாகத் தெரியுமானால், அதற்கேற்றபடி விலையும் குறைக்கப்பட்டிருக்குமானால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ஒற்றைக் கண் குதிரையைப் பார்ப்பவனுக்கு அதன் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நமது கேள்விக்கான திறவுகோல் இந்தக் குதிரையின் கண்ணிலேதான் இருக்கிறது. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த இயந்திரம் தன் குறைகளைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. தாங்கியின் ஓட்டையையும் உதிர்ந்த வயரையும் கண்ணுள்ள எவனும் கண்டிருப்பான். அதை அந்த நிலையிலே விற்றவன் ஒன்றும் பேசாமல் விற்றிருந்தாலும் பெரிய பாவமில்லை. ஆனால் அதன்மேல் வர்ணம் அடித்தவன் என்ன செய்தான்? வெளிப்படையான குறையை மறைந்த குறையாக மாற்றினான். ஒற்றைக் கண் குதிரைக்குக் கண்ணாடிக் கண் வைத்தான். பொருளின் வாயை அடைத்தவன் அதற்குப் பதிலாகத் தன் வாயைத் திறக்க வேண்டும். மூடுகின்றவன் சொல்லக் கடமைப்பட்டவன்: இதுவே புதுப்பிப்பவனுடைய நீதி.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் நியாயங்களும் உண்டு. "நான் பொய்யொன்றும் சொல்லவில்லையே" என்பது ஒன்று. நாவினால் மாத்திரமா மனிதன் பொய் சொல்கிறான்? புத்தம்புதுப் பூச்சு, இது சீர் செய்யப்பட்டது என்று பார்ப்பவனுக்குச் சொல்கிறது. அந்தப் பேச்சைப் பேச வைத்தவன் வர்ணம் அடித்தவனே. "வாங்குகிறவன் சோதித்துப் பார்க்கட்டும்" என்பது இன்னொன்று. விபரம் தெரிந்த வெல்டர் கழற்றிப் பார்ப்பான். தொழில் பழகத் தொடங்கிய இளைஞன் என்ன செய்வான்? இந்தப் பழைய இயந்திரத்திலே சிறு கருவிகளை ஓட்டுவதற்கென்று ஒரு மின்செருகி உண்டு. அதிலே வருவது 115 வோல்ற்று நேரோட்ட மின்சாரம். வீட்டுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரமன்று. மின்விளக்கும், கரித்துண்டுள்ள சில கருவிகளும் அதிலே வேலை செய்யும்; மாற்றி பொருத்திய கருவியைச் செருகினால் அது எரிந்து போகும். அறிந்தவனுக்கு இது சாதாரண விடயம். அறியாதவனுக்கு இது மறைந்த குறையேயாகும். சொல்ல வேண்டிய கடமையின் அளவு, கேட்பவனுடைய அறியாமையைப் பொறுத்துக் கூடுகிறது.

"எனக்கே அந்தக் குறை தெரியாது" என்று உண்மையாகவே சொல்லக்கூடியவனும் உண்டு. அறியாமல் விற்றவன் பாவம் செய்யவில்லை என்று தோமஸ் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பின்னொருநாள் அறிய வந்தால், வாங்கியவனுக்கு நட்டஈடு செய்ய அவன் கடமைப்பட்டவன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பணம் கைமாறியவுடன் நீதி முடிந்துவிடுவதில்லை. பிறகு வெடிப்பு இருந்ததென்று தெரிய வந்தால், வாங்கியவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லவேண்டிய வழி இன்னும் திறந்தே கிடக்கிறது.

இந்த நீதி விற்பவனை மாத்திரம் கட்டுப்படுத்துவதன்று. இத்தகைய இயந்திரம் ஒன்றைப் புதுப்பிக்கும் கதை எங்கே தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளி ஒருவன் இறந்து போகிறான். அவனுடைய கொட்டிலில் கிடக்கும் இரும்பின் பெறுமதி அவன் மனைவிக்குத் தெரியாது. விபரமறிந்த ஒருவன் வந்து, பழைய இரும்பு விலைக்கு அதைக் கேட்கிறான். விற்பவன் பொன்னைச் செம்பென்று எண்ணி விற்கும்போது, அதை அறிந்துகொண்டே வாங்குகிறவன் அநீதியாய் வாங்குகிறான், ஈடு செய்யவும் கடமைப்பட்டிருக்கிறான் என்று அதே இடத்தில் தோமஸ் கூறுகிறார். விதவையின் அறியாமையிலே கிடைத்த இலாபத்தின்மேல் எவ்வளவு வர்ணம் அடித்தாலும் அது சுத்தமாகாது.

அப்படியானால் புதுப்பிப்பவன் இலாபம் எடுக்கவே கூடாதா? கூடும். பொருளொன்றை முன்னிருந்ததிலும் நல்லதாக்கி, அதிக விலைக்கு விற்பவன் தன் உழைப்பின் கூலியையே பெறுகிறான் என்று தோமஸ் அனுமதிக்கிறார். மைக்காவை ஒவ்வொன்றாக வெட்டியவனுக்கு அவன் இரவுகளின் விலையைக் கொடுப்பது நீதி. எல்லா மௌனமும் பாவம் என்றும் அவர் சொல்லவில்லை. தானியம் குறைந்த ஊருக்குத் தானியம் கொண்டுபோன வியாபாரி, தனக்குப் பின்னால் வேறு வியாபாரிகளும் வருகிறார்கள் என்று சொல்லாவிட்டாலும் நீதியை மீறியவனாகான். சொன்னால் அது மேலான புண்ணியம். நாளைய சந்தை விலை பொருளுக்கு வெளியே உள்ளது. தாங்கியின் ஓட்டையோ பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

பழுது பார்ப்பதன் அருமையை நம்மவர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைக்காதபோது, மோட்டார் சைக்கிளையும் தண்ணீர்ப் பம்பையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்த கைகள் நம்மவருடையவை. எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் சுற்றுமடல் எழுதுவதற்கு முன்பே, எறிவதற்கு ஒன்றுமில்லாமல் வாழ்ந்தவர்கள் நாம். அதனாலேயே பழுதுக்கும் பூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மிலும் நன்றாக அறிந்தவர் சிலரே இருப்பர். பாவித்த பம்பை, பாவித்த வாகனத்தை, பாவித்த குளிர்சாதனப் பெட்டியை விற்கும் வழக்கம் இன்று நம் வீடுகளிலும் உண்டு. வாங்க வருகிறவன் முற்றத்தில் நிற்க, "அதைச் சொல்லாதே" என்று தகப்பன் உள்ளே வந்து மெல்லச் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வியில் ஏழாம் கட்டளையைப் படித்த பிள்ளை, அதற்குரிய விளக்கத்தை அன்று வீட்டிலே கற்றுக்கொள்கிறது.

இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த புனித ஜஸ்ரின், நம் ஆண்டவர் தச்சுத் தொழில் செய்து கலப்பைகளையும் நுகத்தடிகளையும் ஆக்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார். நுகத்தடியிலே வெடிப்பிருந்தால் அதை மெழுகால் அடைத்து எண்ணெய் பூசிவிடலாம். சந்தையில் எவருக்கும் தெரியாது. வயலிலே மாட்டின் கழுத்துக்குத்தான் தெரியும். நாசரேத்துப் பட்டறையிலிருந்து அப்படியொரு நுகத்தடி வெளியே போயிருக்கும் என்று நம்மால் நினைக்க முடியுமா? 1955ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அத்திருநாளிலே நாம் வணங்கும் புனிதர், ஒழுங்கான வேலை செய்த ஒரு தொழிலாளி.

ஆகவே பழையதைப் புதுப்பிக்கும் சகோதரர்கள் தாராளமாய் வர்ணம் அடிக்கட்டும். அழகும் இறைவன் தந்த கொடையே. துருவைத் தடுக்கவும் பூச்சு வேண்டும். ஆனால் அது கடைசியாக வரட்டும். இயந்திரத்தோடு கூட ஒரு தாளும் போகட்டும். மாற்றியது எது, மாற்றாமல் விட்டது எது, திறந்து பார்க்காதது எது என்ற மூன்றையும் அதிலே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தாளினால் விலை சற்றுக் குறையலாம். குறைந்த அந்தத் தொகை, முகம் தெரியாத ஒரு தொழிலாளி மாலையில் உயிரோடும் உடல்நலத்தோடும் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போவதற்காக நாம் செலுத்திய காணிக்கையாகும்.