மண்டையும் மூக்கும் சாதியும்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரொம்ப நேரம் பிரியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "ஒன்னப் பாத்தா அப்பிடித் தெரியலியே தம்பி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஒரு நொடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்து மனுஷனைத் தரம் பிரிப்பதற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அறிவியல் என்றே பெயர். மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றார் வியன்னாவில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஜோசப் கால். 1820இல் எடின்பரோவில் அதற்கென்று ஒரு சங்கமே வந்தது. வேர்ட்ஸ்வொர்த் எளிய மக்களைப் பாடிய காலமும் அதுதான். 1833இல் மத்திய இந்தியாவின் சாகரிலிருந்து, 'தக்' என்று தூக்கிலிடப்பட்ட ஏழு பேரின் மண்டையோடுகளை அந்தச் சங்கத்துக்கு அனுப்பினார் ஸ்ப்ரை என்ற ஆங்கில மருத்துவர். தீர்ப்பு முதலில், சாட்சி பிறகு.

மண்டை சாஸ்திரம் செத்தது. அளவுகோல் சாகவில்லை. மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று 1891இல் எழுதினார் ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டனும் கருவியோடு மூக்களந்தார்.

1948இல் அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் பற்றிய தம் நூலில், அதே மூக்களவுகளை எடுத்துப்போட்டு, பிராமணனும் தீண்டப்படாதவனும் வேறு வேறு இனம் அல்ல என்று காட்டினார். அதையும், இந்த அளவுகளை நம்புவதென்றால் என்ற நிபந்தனையோடுதான் சொன்னார். அவன் கோலாலேயே அவனை அளந்தார்.

ஆனால் ஒரு கேள்வி. அளவு வேறாக வந்திருந்தால்? தீண்டாமை நியாயமாகிவிடுமா? ஆகாது. பொய்யை உடைக்க அளவு வேண்டும். மனுஷனாக இருக்க வேண்டாம். நம் மரியாதையை அளவில் கட்டிப்போட்டால், நாளைக்கு இன்னொருத்தன் மரபணு என்று வருவான். மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அந்த ஒரு நொடி நானும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

1818இல் மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், செய்யப்பட்ட அந்த உயிரைக் கண்ணுள்ளவர்கள் அடித்துத் துரத்துகிறார்கள். பார்வையில்லாத கிழவர் ஒருவர் மட்டும் அதன் பேச்சைக் கேட்டு அன்பாக உட்கார வைக்கிறார். வடசேரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெரியவர் கண்ணுக்கு என் முகத்தில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. தெருப் பெயர் காதில் விழுந்த பிறகுதான் முகத்தைத் தேட ஆரம்பித்தார். சாதி முகத்தில் இருந்திருந்தால் தெருவை ஏன் கேட்கவேண்டும்?

அன்றைக்கு நான் சிரித்துவைத்தேன். கேட்டிருக்க வேண்டும்: "பின்ன எப்பிடித் தெரியணும், அண்ணாச்சி?"