வினாவைத் திருப்பித் தந்தவர்கள்

மகான்களைத் தரிசிக்கச் செல்கிறவர்கள் வெறுங்கையோடு செல்வதில்லை. கையில் எலுமிச்சம்பழமோ கற்கண்டோ இருக்கும். அதைவிடக் கனமாக மனத்தில் ஒரு விண்ணப்பமும் இருக்கும். மகளுக்கு வரன் அமையவில்லை, மகனுக்கு உத்தியோகம் நிலைக்கவில்லை, வியாஜ்யம் முடிவுக்கு வரவில்லை, இவையெல்லாம் ஒழுங்கான பின்னும் ஏனோ உள்ளத்தில் ஓர் அமைதி இல்லை என்று, ஒவ்வொருவரும் தத்தம் குறையைச் சந்நிதியில் இறக்கி வைத்துவிட்டு, ஓர் ஆறுதலையோ அருள்வாக்கையோ பெற்றுக்கொண்டு வீடு திரும்பவே விரும்புகிறோம். துன்பப்படுகிறவன் துணை தேடுவது இயற்கை. அதை யாரும் பழிக்க முடியாது. ஆயினும் நம் நாட்டு ஞான மரபைச் சற்று நிதானமாக நோக்கினால், குரு என்று தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டவர்கள், தம்மிடம் வந்தவன் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்து அனுப்பியது மிக அரிது என்பது புலனாகும். கேட்டவன்மீதே கேள்வியைத் திருப்பியிருக்கிறார்கள். அப்படித் திருப்பியதே அவர்கள் செய்த பேருபகாரமாகவும் முடிந்திருக்கிறது.

சைவ சித்தாந்த சந்தான குரவர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூரில் வாழ்ந்தவர் சகலாகம பண்டிதர். ஆகமங்களில் அவர் அறியாதது ஒன்றில்லை என்பதைப் பெயரே பறைசாற்றும். அவருடைய மரபில் வந்த சீடர் ஒருவரின் வீட்டுப் பிள்ளையாகிய மெய்கண்டார், திருவெண்ணெய்நல்லூரில் சிறுவராக இருந்தபோதே உபதேசம் செய்கிறார் என்றும், பண்டிதருடைய மாணாக்கர்களே அங்கே போய்விட்டார்கள் என்றும் செய்தி வந்தது. இதைப் பொறாத பண்டிதர் நேரே சென்று, ஆணவ மலம் என்பதன் வடிவம் என்ன என்று அந்தச் சிறுவரிடம் கேட்டார். மெய்கண்டார் நூல் எதையும் எடுத்து ஓதவில்லை; இலக்கணம் கூறவில்லை; எதிரே நிமிர்ந்து நின்ற பண்டிதரை அடி முதல் முடி வரை நோக்கிச் சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான், அத்தனை ஆண்டுகள் நூல்களுக்குள் தேடிய பொருள் தம் கால்களின்மேலேயே நின்றுகொண்டிருப்பதைக் கண்ட அந்த முதியவர், வயதையும் வித்வத்தையும் மறந்து சிறுவரின் பாதத்தில் விழுந்து, அருணந்தி சிவாசாரியராக எழுந்தார் என்பது மரபு. பின்னாளில் சிவஞான சித்தியார் இயற்றிய பெருமகன் அவரே. அந்தச் சந்நிதியில் அவருக்குப் புதிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை. நெடுங்காலம் வெளியே சென்றுகொண்டிருந்த பார்வை மட்டும் திரும்பிற்று.

இதையே ஒத்த ஒன்று 1902-இல் திருவண்ணாமலையில் நிகழ்ந்தது. ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், கல்லூரியில் தத்துவ சாஸ்திரம் பயின்றவர். தான் என்பது யார் என்ற ஐயம் அவரை விடாமல் பற்றியிருந்தது. மலைமேல் விரூபாக்ஷ குகையில் இளந்துறவி ஒருவர் மௌனமாக இருப்பதாகக் கேள்வியுற்று ஏறிச் சென்றார். துறவிக்கு அப்போது வயது 22. மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது மரண பயம் திடீரென்று பற்ற, இறப்பது எது, இறவாது எஞ்சுவது எது என்று உள்நோக்கி, அந்த ஒரே நோக்கில் பயம் அறவே நீங்கப்பெற்று, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையை வந்தடைந்த வேங்கடராமனே அவர். ரமண மகரிஷி என்ற திருநாமம் அதுவரை அவருக்கு ஏற்படவில்லை. பேச விருப்பமின்றி இருந்த அவர், பிள்ளையின் வினாக்களுக்கு எழுதிக் காட்டியே விடையளித்தார். அந்த விடைகளைப் பிள்ளை பல ஆண்டுகள் பேணி வைத்திருந்து 1923-இல் வெளியிட்டார், 'நான் யார்?' என்னும் சிறு நூல் இவ்வாறே உலகுக்குக் கிடைத்தது. அதிலுள்ள உபதேசத்தின் சாரத்தை நோக்கினால் ஓர் ஆச்சரியம் விளங்கும். பிள்ளை எந்த வினாவோடு மலையேறினாரோ, அந்த வினாவையே விடாது பற்றும் சாதனமாகக் கொள்ளச் சொல்லித் துறவி அவரைக் கீழே அனுப்பினார். மனப்பாடம் செய்து மகிழத்தக்க ஓர் இலக்கண வாக்கியத்தை அளித்திருந்தால், அது பிள்ளையின் கல்வியில் மற்றுமோர் அத்தியாயமாகச் சேர்ந்திருக்கும். வினாவே திரும்பக் கிடைத்தபடியால் அது வாழ்நாள் முழுவதும் அவரோடு நடந்தது.

1907-இல் வந்த காவ்யகண்ட கணபதி முனிவர், பல ஆண்டுகள் மந்திர ஜபம் செய்தவர். வடமொழியில் நினைத்தவுடன் கவி பாடும் வல்லமை வாய்ந்தவர். இத்தனை செய்தும் தவம் என்பது இன்னதென்று தெளியவில்லையே என்று உருகி அடிபணிந்தார். நெடுநேரம் மௌனமாக அவரை நோக்கியிருந்த இளந்துறவி, நான் என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறதென்று கவனிப்பதும், ஜபத்தின் ஒலி எங்கிருந்து பிறக்கிறதென்று கவனிப்பதுமே தவம் என்ற கருத்துப்பட இரண்டொரு வார்த்தைகளே கூறினார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று அவரை உலகுக்கு அறிவித்தவர் அந்த முனிவர்தான். லண்டனிலிருந்து வந்த பால் பிரண்டன் என்ற பத்திரிகையாளர், கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு ஆசிரமத்துக் கூடத்தில் அமர்ந்ததையும், மகரிஷியின் சந்நிதியில் இருக்க இருக்க அவை ஒவ்வொன்றாகப் பொருளிழந்து உதிர்ந்ததையும், 1934-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆகமப் புலவர், உத்தியோகஸ்தர், மந்திர சாதகர், மேல்நாட்டுப் பத்திரிகையாளர் என்று தேசத்தாலும் காலத்தாலும் கல்வியாலும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இந்நால்வருக்கும் நேர்ந்தது ஒன்றாகவே இருப்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாறு கேள்வியைத் திருப்புவதால் துன்பம் தீருமோ என்று கேட்கலாம். பெரியோர்களின் அனுபூதியை எடுத்துக்காட்ட எனக்குத் தகுதியில்லை. இல்லறத்தில் உழலும் சாமானியனாகிய எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் தாம் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டார். சொத்து போனதைவிட அந்த வாக்கு போனதே என் உறக்கத்தைக் கெடுத்தது. இரவில் விளக்கை அணைத்ததும் அவருடைய முகம் எதிரே வந்து நிற்கும். நான் அவரோடு வாதாடத் தொடங்குவேன். பகலில் தோன்றாத சாமர்த்தியமான பதில்களெல்லாம் அப்போது தோன்றும். வாதத்தில் வென்றுகொண்டே விடியும் வரை விழித்திருப்பேன். அத்தகைய ஓர் இரவில், எப்போதோ படித்து வைத்திருந்த மகரிஷியின் முறை நினைவுக்கு வர, இந்தக் கோபம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத்தான் என்று மனம் உடனே விடை கூறிற்று. அந்த நான் யார் என்று அடுத்தபடி நோக்கியபோது, அதுவரை உறவினரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கவனம் பார்க்கிறவன் பக்கமாகத் திரும்பிற்று. திரும்பிய அந்தக் கணத்தில் கோபத்துக்கு உரியவர் எவரும் அகப்படவில்லை. மறுகணம் கோபம் திரும்ப வந்தது உண்மையே. மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. பின்னும் பல இரவுகள் கேட்க வேண்டியிருந்தது. பாகமும் திரும்பி வரவில்லை, உறவினரும் மாறவில்லை. ஆனால் கோபம் வேறு, அதை அறிகிறவன் வேறு என்ற ஒரு சிறு இடைவெளி தென்பட்டுவிட்டது. அந்த இடைவெளியில் படுத்து உறங்க முடிந்தது. என் சந்தோஷத்தின் சாவி பிறர் கையில் இருப்பதாக எண்ணி அவர்களை ஓயாமல் வேண்டியும் வெறுத்தும் வந்த பழக்கம், அதன் பிறகு பழைய வேகத்தோடு இல்லை.

இவ்வளவுதான் விஷயமென்றால் புத்தகமே போதுமே, குரு எதற்கு என்ற ஆட்சேபம் இங்கே எழும். நானும் அந்தப் புத்தகத்தைப் படித்து அடுக்கில் வைத்தவன்தான்; படித்தபோது அது அழகிய கருத்தாகவே இருந்தது. மனத்தின் இயல்பு அப்படி. எந்த உண்மையையும் ஒரு கருத்தாக மாற்றி, ரசித்து, பாராட்டி, தன்னைத் தொடாதபடி ஓரத்தில் வைத்துவிட அதற்குத் தெரியும். கருத்தாக்க முடியாதது ஒன்று உண்டென்றால், அது ஒருவர் அந்த உண்மையிலேயே நின்று வாழ்வதைக் காண்பதுதான். கிணற்றில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிற தகப்பன், தண்ணீர் தாங்கும் என்று கரையிலிருந்து பிரசங்கம் செய்வதில்லை; தான் முதலில் இறங்கி மிதந்து காட்டுகிறான், பிறகு தாங்கிப் பிடிக்கிறான், பிள்ளை அறியாத வேளையில் கையை எடுத்துவிடுகிறான். குருவின் காரியமும் இம்மூன்றும் சேர்ந்ததே; மூன்றாவது காரியத்தைச் செய்யாதவர் முதலிரண்டையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பயனில்லை.

மகரிஷி மிதந்து காட்டிய விதம் மிக எளியது. அவர் பல ஆண்டுகள் விடியற்காலையில் சமையற்கட்டுக்குச் சென்று, மற்றவர்களோடு அமர்ந்து காய்கறி நறுக்கினார். தரையில் சிந்திய அரிசி மணிகளையும் விடாமல் பொறுக்கினார். எழுதாது எஞ்சிய காகிதத் துண்டுகளைக் கத்தரித்துத் தைத்துக் குறிப்பேடாக்கினார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறாத பண்டம் எதுவும் தம் இலைக்கு வருவதை அவர் ஒப்பவில்லை. 1924-இல் ஒரு நள்ளிரவில் திருடர்கள் ஆசிரமத்தில் புகுந்து அவரையும் தடியால் அடித்தபோது, திருப்பித் தாக்கத் துடித்த அன்பர்களைத் தடுத்து, அடிபட்ட மற்றவர்களுக்கு மருந்திடச் செய்தார். இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றி, 1949-இல் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்து, உடல் தேய்ந்துகொண்டே வந்த நாட்களிலும், தரிசனத்துக்கு வந்தவர்களைத் தடுக்கலாகாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அந்த உடல் வீழ்ந்தது. சாந்தி என்பது துன்பம் அணுகாத ஓர் இடம் என்று எண்ணியிருப்பவர்கள் இந்த இறுதி ஆண்டை ஊன்றிப் படிக்க வேண்டும். தடியடியும் நோயும் அவரையும் அணுகத்தான் செய்தன. அவற்றை ஏற்றுத் தவிப்பதற்கு ஒருவர் உள்ளே இல்லை என்பதே வேறுபாடு.

உள்ளமைதி நாடுகிறவன் குடும்பக் கடமையை உதறிவிடுவான் என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. வீட்டையும் உத்தியோகத்தையும் துறந்துவிட அனுமதி வேண்டி வந்தவர்களை மகரிஷி ஊக்கியதில்லை. துறக்க வேண்டியது 'நான் செய்கிறேன்' என்ற எண்ணமே, அதை இருந்த இடத்திலிருந்தே விடலாம் என்பது அவர் போதனையின் போக்கு. பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்த அவர், 1898-இல் தாயார் அழகம்மாள் தேடிவந்து கண்ணீர் விட்டு அழைத்தபோது உடன் செல்லவில்லை. ஆனால் 1916-இல் அந்த அன்னை அண்ணாமலைக்கே வந்து தங்கியபோது ஏற்றுக்கொண்டு, 1922-இல் அவருடைய இறுதி மணிகளில் ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி உடனிருந்தார். வைராக்கியமும் வாத்ஸல்யமும் ஒரே உள்ளத்தில் பகையின்றி வாழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே குருவை நாடுகிறவன் அவரிடம் பார்க்க வேண்டியது, அவர் தன்னை எவ்வளவு தேற்றுகிறார் என்பதையன்று. தேற்றுவது எளிது, அதை விலைக்கும் வாங்கலாம். அவரிடம் போய்வரப் போய்வர நம் அச்சம் வளர்கிறதா, குறைகிறதா? அவரில்லாமல் ஒரு நாளும் கழியாது என்ற நிலைக்குக் கொண்டுவருகிறாரா, தன் காலில் நிற்க விடுகிறாரா? மகரிஷி அண்ணாமலை வந்தடைந்த அன்றே கையில் எஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தவர். எவருக்கும் சடங்கு முறையில் தீட்சை அளிக்காதவர். தமக்குப் பின் குருபீடத்துக்கென்று ஒருவரையும் அமர்த்தாதவர். தமக்கு மானிட வடிவில் குரு வாய்க்கவில்லை, அருணாசலமே குரு என்றிருந்த அவர், குரு உடலோடுதான் வர வேண்டும் என்ற நியதி இல்லை என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டினார். அவரை நேரில் காணும் பேறு பெறாத நம் போன்றவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை என்ற தைரியம் இதனால்தான் பிறக்கிறது.

நமக்குச் சாந்தி கிட்டியதா என்று அறிய நாம் தியானத்தில் கண்ட ஒளிகளைக் கணக்கிட வேண்டியதில்லை; அந்த விசாரணையில் நாமே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருப்பதால் தீர்ப்பு எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும். குருவின் சந்நிதியிலிருந்து வீடு திரும்பியவன், காபி ஆறிப்போய் வந்தால் என்ன சொல்கிறான், கடன் கேட்டு வந்த தம்பியிடம் எந்தக் குரலில் பேசுகிறான், தான் சொன்னதை மகன் மறுத்தால் எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கிறவர்கள் வீட்டார்தாம். அவர்களிடம் நம் ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஓராண்டு இருந்துவிட்டு, பிறகு அவர்கள் தாமாக ஏதேனும் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். குருவின் அருள் நமக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்தவரை இல்லை.