விளைச்சல் கேட்காத தோட்டம்



செப்டம்பர் முதல் நாள் தொடங்கி, அக்டோபர் 4ஆம் நாள் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாள் வரை படைப்பின் காலம். அதையொட்டி இன்று தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தையும் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தையும் வாசிக்கக் கேட்டீர்கள். இரண்டிலும் தோட்டம் வருகிறது. முதல் வாசகத்தில் கடவுள் தோட்டத்தை மனிதன் கையில் ஒப்படைக்கிறார். நிலத்தில் பாடுபடுவது ஒரு வேலை, அதைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார். நற்செய்தியில் மூன்று வருடமாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிப் போடச் சொல்கிறார் நிலத்துக்குச் சொந்தக்காரர், நம்மூர் வழக்கில் மிராசுதார். இன்னும் ஒரு வருடம் விட்டுவையுங்கள் என்று குறுக்கே வந்து தடுப்பவர் தோட்டக்காரர்.

பாடுபடுவதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. தறிக்குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பவர்களும், மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்து நாற்று விடுபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். காப்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். கோடை விடுமுறையில் பங்கிலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தோமே, அங்கே எழுந்த ஒரு கேள்வி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசு தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகை. படிப்படியாக அடுக்கிய தொட்டிகளில் பிகோனியா, பிரிமுலா, சினரேரியா. பாதிப் பேர் செல்ஃபியில் இருந்தீர்கள். தாராசுரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி நடத்தும் அண்ணன் ஒருவர் என் பக்கம் வந்து, "சாமி, இவ்வளவு தண்ணி, இத்தனை ஆளு, கண்ணாடிச் செலவு வேற. இதுல ஒண்ணாவது மூட்டையில ஏறுமா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கோ அந்த மிராசுதாரே எதிரில் நிற்பது போல இருந்தது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே, இதனால் என்ன பலன் என்றுதானே அவரும் கேட்டார்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூங்கா தொடங்கியதே மூட்டைக் கணக்கில்தான். 1840களின் தொடக்கத்தில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, காய்கறி மலிவாகக் கிடைக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். நம் மண்டியில் இறங்கும் கேரட்டுக்கும் கோஸுக்கும் 'இங்கிலீஷ் காய்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. பிறகு பொதுத் தோட்டமாக்கும் யோசனை எழுந்தது. இலண்டன் கியூ தோட்டத்தில் வேலை பழகிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848இல் வந்து, ஏறத்தாழப் பத்து வருடம் மெனக்கெட்டு 55 ஏக்கரைச் சீர்ப்படுத்தினார். காய்கறிப் பாத்தியாகத் தொடங்கிய இடத்தில், மூட்டையில் ஏறாத செடிகள் வந்து குடியேறின.

அவற்றில் ஒன்று கைகொடுத்த கதையும் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களுக்குப் பழக்கமான சின்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதால் 'இயேசு சபையார் பட்டை' என்றே பெயர் வழங்கியது. மலேரியாவுக்கான கொயினா அதிலிருந்து எடுப்பதுதான். 1860, 61 வாக்கில் அந்த மரத்தை ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து முதலில் கப்பலேற்றிய கன்றுகள் வழிவெயிலில் வாடிப் பிழைக்கவில்லை. அடுத்து வந்த விதைகளை மெக்ஐவர் முளைக்க வைத்தார். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனாலும் ஆண்டிஸ் மலை மக்களைக் கேட்டு யாரும் அதை எடுக்கவில்லை. நடுவட்டம் தோட்டங்களில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். தோட்டம் என்ற உடனே ஏதேன் என்று எண்ணிவிட வேண்டாம்.

கொயினாவைச் சொல்லி அண்ணன் வாயை அங்கேயே அடைத்திருக்கலாம். 'பார்த்தீர்களா, பலன் வந்துவிட்டது' என்று. ஆனால் அப்படிச் சொன்னால் நானும் மிராசுதார் பக்கம் சாய்ந்தவன் ஆகிறேன். என்றைக்காவது காய்க்கும் என்பதற்காக மட்டும் ஒன்றைக் காத்தால், காய்க்கவே காய்க்காததை என்ன செய்வது? அந்தப் பூங்காவின் பெரணி வீட்டை நினைத்துப் பாருங்கள். பூவும் காயும் பெரணிக்குக் கிடையாது, விதைகூட இல்லை. இலையின் அடியில் பொடியாகத் தூள்தான். அதற்கும் நிழல் கட்டி, ஈரம் காயாமல் ஒரு பணியாளர் தண்ணீர் தெளிக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் தெளித்தாக வேண்டும். நாம் திருப்பலிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் அங்கே யாரோ குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. ஆற்றங்கரைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே தெரியாது. அகத்தியை நட்டு, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, நாரால் கட்டிக்கட்டி வளர்க்கிறார்கள். மலையில் உறைபனிக்குக் கண்ணாடி செய்கிற வேலையை இங்கே வெயிலுக்கு அகத்தி செய்கிறது. இரண்டு இடத்திலும் ஓர் ஆள் தினமும் போய்ப் பார்த்தால்தான் செடி நிற்கும். நம் தாராசுரம் கோயிலில் இரண்டாம் இராசராசன் காலத்துக் கொடிச் சிற்பம் எண்ணூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறதென்றால் அது கல். பச்சைக் கொடிக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

பலன் கேட்காமல் செடிகளைப் போற்றிய ஒருவரின் இடம் காவிரிக் கரையிலேயே உண்டு: திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினா தாவர உலர்கூடம். இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார் 1967இல் அமைத்தது. காலில் மிதிபடும் பூண்டைக்கூடப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பேர் எழுதி வைத்தவர் அவர். தமிழகத் தாவரங்களைப் பற்றி 1980களில் பெருநூல்கள் வெளியிட்டார். திருவிவிலியத்தில் சாலமோனின் ஞானத்தைப் பாராட்டும் இடத்தில், அவர் கேதுருவைப் பற்றியும் பேசினார், சுவரில் முளைக்கும் ஈசோப்பைப் பற்றியும் பேசினார் என்று வருகிறது. ஓர் அரசருக்குச் சுவர்ப்பூண்டு எதற்கு என்று வேதம் கேட்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் ஒரு வருத்தம் இருக்கிறது: நம்மால் அழிந்துபோகும் உயிரினங்கள், தாம் இருப்பதன் மூலமே கடவுளுக்குச் செலுத்திவந்த மகிமை இனி இல்லாமல் போகிறது.

காவிரி டெல்டாவில் நாமும் எத்தனை நெல் வகைகளைக் கைவிட்டோம் தெரியுமா? மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், உப்பு நிலத்தையும் தாங்கும் குழியடிச்சான். தாத்தாவுக்கு இவை வயலில் தெரிந்தவை, பேரனுக்கு யூடியூபில் தெரிந்தவை. 'மாசூல் குறைச்சல்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டோம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்று, அந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை. 2018இல் அவர் மறையும்போது 174 வகை நெல்லை மீட்டிருந்தார். விதைத் திருவிழாவில் அவர் வைத்த ஏற்பாடு எளிது. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். அரசும் கண்ணாடி மாளிகையும் இல்லாமல், குடியானவர் வீடுகளிலேயே அவர் காவலை நடத்திக் காட்டினார்.

மறுபடி அத்திமரத்துக்கு வருவோம். தோட்டக்காரர் மரத்துக்காக வெறும் பரிந்துரையோடு நிற்கவில்லை. சுற்றிக் கொத்துகிறேன், எரு போடுகிறேன் என்று தன் உடம்பைப் பிணையாக வைக்கிறார். மறுவருடம் அது காய்த்ததா? ஆண்டவர் சொல்லவில்லை. உவமை அந்த ஒரு வருட அவகாசத்தோடு நின்றுவிடுகிறது.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனிக்கு, வீட்டில் பழைய விதை வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள். நாட்டு அவரை, சுரை, பாட்டி முடிந்துவைத்த கீரை விதை, நெல், எதுவானாலும் சரி. யார் கொடுத்தது, எந்த மண்ணில் வந்தது என்று ஒரு சீட்டும் வையுங்கள். திருப்பலி முடிந்ததும் கேட்பவர்களுக்குக் கொடுப்போம். வாங்குகிறவர் மறுவருடம் இரட்டிப்பாகத் தர வேண்டும், ஆதிரெங்கத்துக் கணக்குத்தான். பெயர் எழுத நோட்டு கோயில்பிள்ளையிடம் இருக்கும். மண்டிக்கார அண்ணன் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.